தாத்தாவின் மூன்று பிறந்த ஆண்டுகள்

என் தாத்தாவுக்குப் பிறந்த ஆண்டு மூன்று. பழைய அடையாள அட்டையில் 1913. சிங்கப்பூர்த் துறைமுக வேலையிலிருந்து ஓய்வுபெற்ற நாளில் கொடுத்த சான்றிதழில் 1920. பாட்டியிடம் கேட்டால் இரண்டையும் புறங்கையால் தள்ளிவிடுவார். "ஊரையே விஷக் காய்ச்சல் வாரிக்கொண்டு போனதே, அந்த வருடம் பிறந்தவர். பெற்ற தாயை அந்தக் காய்ச்சலுக்குத்தான் கொடுத்தார்" என்பார்.

சிறுபிள்ளைகளாக இருந்தபோது தாத்தாவின் வயது எங்களுக்கு ஒரு விளையாட்டு. ஆளுக்கொரு கணக்குச் சொல்வோம். தாத்தா கோபித்துக்கொள்ள மாட்டார். "உனக்கு எது பிடிக்கிறதோ அதை வைத்துக்கொள்" என்பார். அவர் போன பிறகு அந்தத் தாள்களெல்லாம் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் போய்ச் சேர்ந்தன.

பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்த இரண்டாம் ஆண்டில் அந்த டின்னைத் திறந்தேன். குடும்பத்தில் இருக்கும் ஓர் ஆவணத்தைப் பற்றி எழுதி வரச் சொல்லியிருந்தார்கள். எது சரி, எது பிழை என்று தீர்ப்பெழுதிக்கொண்டு போனேன். விரிவுரையாளர் படித்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார்: "எது சரி என்பதை அப்புறம் பார்க்கலாம். இந்த மூன்று ஆண்டுகளும் யாருக்கு, எப்போது தேவைப்பட்டன?"

அந்தக் கேள்வியோடு வீட்டுக்கு வந்து மறுபடி டின்னைத் திறந்தபோது தாள்கள் பேசத் தொடங்கின. கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை ஒடுக்க அவசரகாலம் அறிவிக்கப்பட்ட 1948ஆம் ஆண்டில்தான் சிங்கப்பூரில் எல்லாரையும் பதிவுசெய்து அடையாள அட்டை கொடுக்க ஆரம்பித்தார்கள். வரிசையில் நின்ற தாத்தாவிடம் பிறந்த தேதியைக் கேட்டால் அவருக்கு என்ன தெரியும்? "முப்பத்தைந்து இருக்கும்" என்று அவர் சொல்லியிருக்கலாம். அல்லது மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த கிராணி (எழுத்தர்) அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கலாம். 48இலிருந்து 35ஐக் கழித்தால் 13. ஜப்பானியர் காலத்தில் மூன்றரை ஆண்டு மரவள்ளிக்கிழங்கைத் தின்று உயிர் பிடித்திருந்த ஒருவரின் முகம், முப்பது வயதில் முப்பத்தைந்தாகத் தெரிந்திருந்தால் அதில் வியப்பு என்ன? துறைமுகத்துக் கணக்கு அதற்கும் முந்தையது. மூட்டை தூக்க ஆள் எடுக்கும் இடத்தில் இரண்டு வயது குறைத்துச் சொல்வது உதவும். பாட்டியின் கணக்குக்குத் தாளே கிடையாது. ஆனால் 1918இல் இந்தியா முழுவதும் பரவிய இன்ஃப்ளூயன்சாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். தாயின் சாவோடு சேர்த்து நினைவில் வைத்த ஆண்டை ஒரு குடும்பம் எளிதில் மாற்றிச் சொல்லாது. அரசாங்க முத்திரை குத்திய இரண்டு தாள்களைவிட, எழுதப் படிக்கத் தெரியாத என் பாட்டியின் வாய்ச்சொல்தான் அங்கே வலுவான சான்றாக நின்றது.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் என் அண்ணன் மகள். தொடக்கக் கல்லூரி முடித்துவிட்டாள். பல்கலைக்கழகத்தில் வரலாறு எடுக்கப் போகிறேன் என்று அவள் சொன்ன நாளிலிருந்து, யீஷூனில் அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நிம்மதி இல்லை. அண்ணன் பிள்ளைகளை அதட்டி வளர்த்தவர் அல்லர், கவலைப்பட்டு வளர்த்தவர். "படித்து முடித்து என்ன வேலைக்குப் போவாள்? ஆசிரியை வேலை கிடைக்காவிட்டால்?" என்று என்னைக் கேட்டார். அண்ணி ஒன்றும் பேசாமல் ரசக் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினார். நீ பதில் சொல் என்று அதற்கு அர்த்தம்.

அண்ணனின் கேள்வியை நான் மதிக்கிறேன். முதுகில் மூட்டை சுமந்து தலையெடுத்த குடும்பம் இது. எங்களுக்குப் படிப்பு என்றால் சோறு. என்னோடு தொடக்கக் கல்லூரியில் படித்து, கணக்கியலுக்குப் போன தோழிகள் எனக்குப் பல ஆண்டுகள் முன்பே வீடு வாங்கினார்கள். அதை மறைத்துவிட்டு வரலாற்றின் பெருமையைப் பாடினால் நேர்மையாகாது.

நான் ஆசிரியை ஆகவில்லை. இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கடல்சார் காப்புறுதித் துறையில் இழப்பீட்டுக் கோரிக்கைகளை ஆராய்ந்து வருகிறேன். கப்பலில் வந்த வெங்காயம் நனைந்து அழுகிவிட்டது, பணம் கொடுங்கள் என்று ஒருவர் கேட்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். என் மேசைக்கு நான்கு தாள்கள் வரும். கப்பலின் நாட்குறிப்பு, சரக்கை ஏற்றியபோது கொடுத்த சீட்டு, இறக்கிய இடத்தில் மூட்டை எண்ணியவரின் குறிப்பு, சேதத்தைப் பார்வையிட்டவரின் அறிக்கை. நான்கும் ஒத்துப்போனதாக எனக்கு நினைவில்லை. ஒருமுறை, கடும் புயலில் சிக்கியதாகச் சொன்ன ஒரு கப்பலின் நாட்குறிப்பில் ஒன்பது நாள் பதிவுகளும் ஒரே மையில், ஒரே சீரான கையெழுத்தில், ஓர் அடித்தல் திருத்தல்கூட இல்லாமல் இருந்தன. ஆடுகிற கப்பலில் யாரும் அப்படி எழுத முடியாது. என்னோடு அந்தக் கோப்பைப் பார்த்தவர் காற்றின் வேகத்தையும் அலையின் உயரத்தையும் சரிபார்த்துக்கொண்டிருந்தார். நானோ அந்தப் பக்கங்கள் எந்த நாளில் எழுதப்பட்டிருக்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தப் பழக்கத்தை எந்தக் காப்புறுதி வகுப்பும் எனக்குச் சொல்லித் தரவில்லை. தாத்தாவின் பிஸ்கட் டின்னிலிருந்து வந்தது அது.

இதை அண்ணனிடம் சொன்னேன். கொஞ்சம் ஆறுதல் அடைந்தார். எனக்குத்தான் ஆறுதலாக இல்லை. வேலைக்கு உதவும் என்ற ஒரே காரணத்தைச் சொல்லி ஒரு பெண்ணை மூன்று நான்கு ஆண்டு ஒரு படிப்பில் உட்கார வைக்கக் கூடாது. மற்ற காரணங்களை அன்று இரவு மேசையில் சரியாகச் சொல்ல முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

பள்ளி வரலாறும் கல்லூரி வரலாறும் ஒரே பெயர் கொண்ட இரண்டு பாடங்கள். 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஏன் வீழ்ந்தது என்று என் வயதுக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். "பிரிட்டிஷ்காரர்களின் பீரங்கிகள் கடலைப் பார்த்து நின்றன, ஜப்பானியர் பின்பக்கமாக வந்துவிட்டார்கள்" என்பார்கள். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். பெரிய பீரங்கிகளில் பல நிலப்பக்கம் திரும்பக்கூடியவை, திரும்பிச் சுடவும் செய்தன என்பதைப் பல்கலைக்கழகத்தில்தான் அறிந்தேன். அவற்றுக்கென்று வைத்திருந்த குண்டுகளில் பெரும்பாலானவை போர்க்கப்பலின் இரும்புக் கவசத்தைத் துளைப்பதற்காகச் செய்தவை. பரவி வரும் காலாட்படையை அவற்றால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியவில்லை. வரலாறு தெரியாதவர்கள் பழைய தவறையே திரும்பச் செய்வார்கள் என்று மேடைதோறும் சொல்கிறார்கள். எனக்கு அந்த வாதத்தில் நம்பிக்கை இல்லை. பீரங்கிக் கதையை மட்டும் பாடமாகக் கற்றவர் அடுத்த போருக்குப் பீரங்கியைத் திருப்பி வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குவார்.

நம்மவர்களிடம் நமக்கே உரிய கதைகளும் உண்டு. சிங்கப்பூரில் தமிழர்கள் கூடும் தேக்காவில் தேநீர் குடித்துக்கொண்டே, "ராஜேந்திர சோழன் இந்தத் தீவுக்கு வந்து போனவன்" என்று ஒரு பெரியவர் சொல்லும்போது எனக்கும் நெஞ்சு நிமிரத்தான் செய்கிறது. ஆனால் 1025ஆம் ஆண்டை ஒட்டி நடந்த அந்தக் கடற்படையெடுப்பில் வென்ற இடங்களை, தஞ்சைப் பெரிய கோயிலில் உள்ள அவனுடைய மெய்க்கீர்த்தி ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்கிறது. ஸ்ரீவிஜயம், பண்ணை, மலையூர், இலங்காசோகம், தக்கோலம், இலாமுரிதேசம், நக்கவாரம், கடாரம் என்று பட்டியல் போகிறது. சிங்கப்பூரின் பழைய பெயரான துமாசிக் அதில் இல்லை.

மலாய் அரசர்களின் கதையைச் சொல்லும் பழைய மலாய் நூலான சேஜாரா மெலாயு வேறொரு கதை சொல்கிறது. கெலிங் நாட்டு (தென்னிந்தியாவை மலாய்க்காரர்கள் அப்படி அழைத்தார்கள்) மன்னன் ஒருவன் சீனாவை வெல்லப் பெரும்படையோடு புறப்பட்டுத் துமாசிக் வரை வந்துவிட்டான். (பெயர் சுவடிக்குச் சுவடி சூரான் என்றும் சூலான் என்றும் மாறும்.) செய்தி கேட்ட சீனப் பேரரசர் ஒரு பழைய கப்பலில் துருப்பிடித்த ஊசிகளை நிரப்பி, காய்க்கிற மரங்களை நட்டு, பல் போன கிழவர்களை மாலுமிகளாக ஏற்றி அனுப்பினார். சீனா எவ்வளவு தூரம் என்று மன்னனின் ஆட்கள் கேட்டார்கள். "நாங்கள் புறப்பட்டபோது சிறுவர்கள். இந்த மரங்கள் அப்போது விதைகள். இந்த ஊசிகள் அப்போது கைப்பருமன் இரும்புக் கம்பிகள்" என்றார்கள் கிழவர்கள். மன்னன் திரும்பிப் போய்விட்டான்.

இந்தக் கதையை முதல்முறை படித்தபோது வாய்விட்டுச் சிரித்தேன். வகுப்பில் நாங்கள் இரண்டு கட்சியானோம். சோழன் வந்ததற்கு இதுவே சான்று என்று ஒரு கட்சி, கட்டுக்கதை என்று ஒரு கட்சி. இரண்டு கட்சிக்கும் அன்று மதிப்பெண் கிடைக்கவில்லை. 17ஆம் நூற்றாண்டு மலாய் அரசவையில் இருந்தவர்கள், தங்கள் அரசர்களின் முன்னோர் வரிசையில் கடலுக்கு அப்பாலிருந்து வந்த ஒரு கெலிங் மன்னனை விரும்பி வைத்துக்கொண்டார்கள். ஏன்? அந்தப் பெயருக்கு இந்தக் கரைகளில் அப்போது என்ன மதிப்பு இருந்திருக்க வேண்டும்? பிற்காலத்தில் அதே வேர்ச்சொல் தெருவில் வசைச்சொல்லாக எப்படித் தேய்ந்தது? கிளிங் ஸ்ட்ரீட் என்று இருந்த தெரு 1920களின் தொடக்கத்தில் சூலியா ஸ்ட்ரீட் ஆனதே, அந்தப் பெயர்ப்பலகைக்குப் பின்னால் எத்தனை பேரின் மனவருத்தம் இருந்திருக்கும்? சோழன் வந்தானா என்ற கேள்வியைவிட இவை எனக்கு நெருக்கமானவை. இவற்றுக்குப் பதில் தேடிப் போனவர்கள் வழியில் நம்மைச் சந்திக்கிறார்கள்.

சிங்கப்பூர் ஆற்றின் வாயில் ஒரு பெரும்பாறை நின்றது. அதில் ஐம்பது வரி அளவுக்கு எழுத்து இருந்தது. 1843இல் கோட்டை கட்ட இடம் வேண்டும் என்று அதை வெடி வைத்துத் தகர்த்தார்கள். தப்பிய ஒரு துண்டு தேசிய அரும்பொருளகத்தில் இருக்கிறது. அந்த எழுத்தை இன்றுவரை யாரும் ஐயமின்றிப் படித்ததில்லை. அதன் முன்னால் நிற்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு ஆத்திரம் வருகிறது. வெடி வைத்தவர்கள் கொடியவர்கள் என்று நான் எண்ணவில்லை. அவர்களுக்கு அது வழியை அடைத்த ஒரு கல். அவ்வளவே.

சிங்கப்பூர்த் தமிழர் வரலாறு என்றால் மேடையில் முதலில் வரும் பெயர் நாராயண பிள்ளை. 1819இல், இங்கே பிரிட்டிஷ் குடியிருப்பைத் தொடங்கிய ராஃபிள்ஸோடு பினாங்கிலிருந்து வந்தவர், செங்கல் சூளை வைத்தவர், சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயில் 1827இல் எழக் காரணமானவர். அவரைச் சொல்ல வேண்டியதுதான். ஆனால் 1825இல் சுமத்ராவின் பென்கூலனிலிருந்து இங்கே கொண்டுவரப்பட்ட இந்தியக் கைதிகளை யார் சொல்வது? அடுத்த ஐம்பது ஆண்டுக் காலம் இந்த நகரத்தின் சாலைகளை வெட்டியவர்கள் அவர்கள். சதுப்பைத் தூர்த்தவர்கள், இன்று அதிபர் மாளிகையாக இருக்கும் இஸ்தானாவைக் கட்டியவர்கள் அவர்கள். செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தின் வெண்சுவர்களில் பூசியது மெட்ராஸ் சுண்ணம். சிப்பிச் சுண்ணாம்பு, முட்டையின் வெள்ளைக்கரு, நாட்டுச் சர்க்கரை இவற்றை அரைத்து, தேங்காய் மட்டை ஊறிய நீரில் குழைத்துப் பூசி, காய்ந்ததும் கல்லால் தேய்த்து மெருகேற்றினார்கள். கைதிகளுக்குக் கண்காணிப்பாளராக இருந்த மெக்நேர் 1899இல் வெளியிட்ட நூலில் கைதிகளின் வேலைகளை விரிவாகவே எழுதிவைத்திருக்கிறார். சுண்ணத்தில் என்ன சேர்ந்தது என்று தெரிகிறது. அதைக் குழைத்தவரின் வீட்டில் எத்தனை பிள்ளைகள் காத்திருந்தார்கள் என்று தெரியவில்லை. நம் முன்னோர்கள் பெரும்பாலும் இப்படித்தான் தாளில் ஏறியிருக்கிறார்கள், அவர்களுக்கு மேலே நின்றவர் பிடித்த பேனாவின் வழியாக. அந்தப் பேனாவின் கண்ணைக் கடந்து அடியில் இருப்பவரைப் பார்க்கப் பயிற்சி வேண்டும். அந்தப் பயிற்சிக்குத்தான் கல்லூரியில் வரலாறு என்று பெயர்.

இப்போது என் வீட்டுக் கதைக்கே திரும்புகிறேன். எனக்கு இந்தப் படிப்பு என்ன செய்தது என்று கேட்டால், வேலையையும் சோழனையும் விட்டுவிட்டு நான் சொல்ல விரும்புவது இதைத்தான்.

தாத்தா 1937இல் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறியவர். ஜொகூரில் ஒரு ரப்பர்த் தோட்டத்துக்கு ஆளெடுத்தார்கள். டிக்கெட்டுக்குப் பணம் கொடுக்க வேண்டாம். தோட்ட முதலாளிகளிடம் வாங்கி 1907 முதல் நடத்திவந்த குடியேற்ற நிதி அதைப் பார்த்துக்கொள்ளும். அங்கே சில மாதங்கள் இருந்துவிட்டு, பாலம் தாண்டிச் சிங்கப்பூர்த் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தார். ஊரை விட்டுப் புறப்பட்ட அன்று, இளைய தாய் பெற்ற தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டு, "அடுத்த தை பிறந்ததும் உன்னை அழைத்துக்கொள்கிறேன்" என்று சொன்னாராம். தை பிறந்தது. இன்னொரு தையும் பிறந்தது. தம்பி வரவில்லை. திருத்துறைப்பூண்டிப் பக்கத்தில் அடுத்தவர் வயலில் உழைத்தே சின்னத் தாத்தாவின் காலம் முடிந்தது.

"வெள்ளியைக் கண்டதும் தம்பியை மறந்துவிட்டான்" என்பது ஊரில் நிலைத்துப்போன பேச்சு. 1980களின் கடைசியில் அப்பாவோடு முதல்முறை அந்த ஊருக்குப் போனோம். சின்னத் தாத்தாவின் மகன், முறைக்கு எனக்குச் சித்தப்பா, திண்ணையில் உட்கார்ந்தபடியே எங்களைப் பார்த்தார். உள்ளே வாருங்கள் என்று அவர் சொல்லவில்லை. சித்திதான் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அப்பா அதைக் குடித்த விதம் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. பயணம் முழுவதும் அவர் பேசவில்லை. தாத்தாவைப் பற்றி அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

பிறகு பத்து ஆண்டு கழித்து, பல்கலைக்கழக நூலகத்தில் மலாயாவின் இந்தியத் தொழிலாளர் குடியேற்றம் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். தொழிலாளர் நிலையைப் பார்த்து அறிக்கை தர, இந்திய அரசாங்கம் அனுப்பிய வி. எஸ். சீனிவாச சாஸ்திரி 1936ஆம் ஆண்டின் இறுதியில் மலாயாவுக்கு வந்தது, ரப்பர் விலை சரிந்தது, தோட்ட முதலாளிகள் கூலியைக் குறைத்தது எல்லாம் வரிசையாக வந்தன. அதற்கு அடுத்தது, 1938 ஜூன் மாதம், கூலியாட்கள் நிதி உதவி பெற்று மலாயாவுக்குப் போவதை இந்திய அரசாங்கம் தடை செய்தது.

அந்த வரியில் விரலை வைத்தபடி நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். தாத்தா ஏறிய வழி, அவர் ஏறிய மறு ஆண்டே அடைபட்டிருக்கிறது. அது அவருக்குத் தெரிந்திருந்ததா, தெரிந்தும் ஊருக்கு விளக்கி எழுத அவருக்குச் சொல் இருந்ததா? அதன் பிறகு 1942 வந்தது. கடலே மூடிக்கொண்டது.

அந்தக் கட்டுரையை ஆவேசத்தோடு எழுதினேன். விரிவுரையாளர் என் முடிவுரையின் ஓரத்தில் பென்சிலால் குறித்திருந்தார்: "பொருந்துகிறது. நிரூபணம் ஆகவில்லை. சொந்தச் செலவில் வந்தவர்கள் உண்டு அல்லவா?" எனக்கு அழுகையே வந்துவிட்டது. பெற்ற தாத்தாவின் பழியைத் துடைக்கும் இடத்தில் வந்து இவர் கணக்குக் கேட்கிறாரே என்று தோன்றியது. இரண்டு நாள் கழித்து, அவர் செய்தது நியாயம் என்று புரிந்தது. ஊர் எந்தச் சான்றும் இல்லாமல் தாத்தாவைக் குற்றவாளி ஆக்கியது. அதேபோல் போதிய சான்று இல்லாமல் நான் அவரைக் குற்றமற்றவர் ஆக்கப் போனேன். இரண்டிலும் தாத்தா என்ற மனிதர் காணாமல் போகிறார்.

அப்பா ஊருக்குக் கடிதம் எழுதினார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். தடை வந்த ஆண்டையும் மாதத்தையும் எழுதிவிட்டு, "இதுதான் காரணம் என்று உறுதியாகச் சொல்ல என் மகள் தயங்குகிறாள். இப்படி ஒரு தடை இருந்தது என்பது மட்டும் உறுதி" என்று முடித்தார். ஒன்றரை மாதம் கழித்துச் சித்தப்பாவிடமிருந்து நீலநிற வான்கடிதம் வந்தது. நான்கே வரி. "அப்பா இருந்திருந்தால் இதைப் படித்துக் காட்டியிருப்பேன். அவர் கடைசிவரை பெரியப்பாவை ஒரு சொல் தவறாகப் பேசியதில்லை. பேசியதெல்லாம் நாங்கள்தான்." அடுத்த ஆண்டு அவர் மகளுக்குக் கல்யாணம். மஞ்சள் தடவிய பத்திரிகை எங்கள் வீட்டுக்கு வந்தது. அப்பா போய் முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டு வந்தார்.

தடை வந்த செய்தியைக் கைப்பேசியில் தேடியும் ஒரு நொடியில் எடுத்துவிடலாமே, அதற்கு ஏன் பட்டம் என்று அண்ணன் கேட்கக்கூடும். எடுத்துவிடலாம். ஆனால் எங்கள் வீட்டுப் பிணக்குக்கும் ஓர் அரசாணைக்கும் தொடர்பு இருக்கலாம் என்று யாருக்குத் தோன்றும்? தோன்றிய பிறகும், இருக்கிறது என்று அடித்துச் சொல்லாமல் நிறுத்திக்கொள்ள யார் கற்றுத் தருவார்கள்? எனக்கு இரண்டையும் கற்றுத் தந்த இடம் அந்த வகுப்பறைதான்.

தமிழ்ப் பிள்ளைகள் இந்தப் படிப்புக்கு வர வேண்டும் என்று நான் ஆசைப்பட இன்னொரு காரணம் இருக்கிறது. மொழி. 1887இலேயே இங்கே சிங்கை நேசன் என்ற தமிழ் இதழ் வெளிவந்திருக்கிறது. 1930களிலிருந்து தமிழ் முரசு இருக்கிறது. 1979இல் தொடங்கிய வாய்மொழி வரலாற்று நிலையத்தில் தமிழிலேயே பேசிப் பதிவான நேர்காணல்கள் இருக்கின்றன. துறைமுகத்தில் சுமை தூக்கியவர்களின் வேலைநிறுத்தம், சீர்திருத்தத் திருமணம், ஜப்பானியர் அச்சிட்ட வாழைமர நோட்டு, நேதாஜியின் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்த தோட்டத்துப் பெண்கள், எல்லாவற்றுக்கும் தமிழில் ஒரு குரல் இருந்தது. ஆங்கிலக் கோப்பை மட்டும் படித்து எழுதும் வரலாற்றில் அந்தக் குரல் வராது. தமிழ் மட்டும் தெரிந்து, ஆவணத்தைக் கேள்வி கேட்கத் தெரியாவிட்டாலும் அது பயன் தராது. இரண்டும் ஒரே தலைக்குள் இருக்க வேண்டும். அப்படிப்பட்ட தலைகள் இந்தத் தீவில் அதிகம் இல்லை என்பதுதான் என் பயம்.

1950களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்தியவியல் துறை உருவானபோது, அங்கே தமிழுக்கு உரிய இடம் வேண்டும் என்று தமிழ் முரசின் நிறுவனர் தமிழவேள் கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' என்ற பெயரில் நிதி திரட்டினார். கொடுத்தவர்களில் கூலி வேலை செய்த எளியவர்கள் ஏராளம். பல்கலைக்கழகத்தின் வாசலைக்கூடப் பார்த்திராதவர்கள், அதற்குள் தங்கள் மொழி படிக்கப்பட வேண்டும் என்று சட்டைப் பையைத் துழாவியிருக்கிறார்கள். அவர்கள் யாரும் இதற்கு என்ன வேலை கிடைக்கும் என்று கேட்டதாக எனக்குத் தோன்றவில்லை. அண்ணா, இதை நீங்கள் படித்தால் என்மீது வருத்தப்பட வேண்டாம். அவர்களுக்கு இல்லாத கவலை உங்களுக்கு இருப்பதற்கும் காரணம் உண்டு. நம் வீட்டுக் கடன் எனக்குத் தெரியும்.

போன ஞாயிற்றுக்கிழமை அண்ணன் மகள் என் வீட்டுக்கு வந்தாள். அண்ணன் இன்னும் முழு மனதாகச் சம்மதிக்கவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அலமாரிக்கு மேலிருந்த பிஸ்கட் டின்னை எடுத்துக் கொடுத்தேன். மூடி துருவேறி இறுகியிருந்தது. கரண்டிக் காம்பால் நெம்பித் திறந்தாள். அட்டை, சான்றிதழ், நீலநிற வான்கடிதம் எல்லாவற்றையும் மேசையில் பரப்பி ஒவ்வொன்றாகப் புகைப்படம் எடுத்தாள். பிறகு மடிக்கணினியைத் திறந்து, நூலகம் மின்னாக்கம் செய்த பழைய தமிழ்ப் பத்திரிகை ஒன்றில் அவள் மாட்டிக்கொண்டிருந்த இடத்தைக் காட்டினாள்.

"அத்தை, வர்த்தமானம் என்றால் என்ன?"

"செய்தி என்று அர்த்தம், கண்ணு. ஊர்ச் செய்தி."

எழுதிக்கொண்டாள். சற்று நேரம் கழித்து, குறிப்பேட்டில் கொள்ளுத்தாத்தாவின் பெயரை எழுதி, அதன் கீழே ஒரு கோடு போட்டுவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"பிறந்த ஆண்டு எதைப் போடட்டும்?"

"மூன்றையும் போடு. எது எங்கிருந்து வந்தது என்று பக்கத்திலேயே எழுதிவிடு."

1918க்கு நேரே எழுத வந்ததும் அவள் பேனா நின்றது. தாள் இல்லாத சான்றை எப்படிக் குறிப்பது என்று கேட்டாள். சொல்லிக் கொடுத்தேன். பாட்டியின் பெயரை முழுதாக, தகப்பன் பெயரோடு சேர்த்து எழுதினாள்.